குருத்துப்பூச்சிக்கு எத்தனை கால்?

கேள்வி:

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் உதவி வேளாண்மை அலுவலராக இருக்கிறேன். சம்பா பருவத்தையொட்டி கிராமங்களில் விவசாயிகளுக்குப் பயிற்சி நடத்துவோம். இந்த முறை மேலதிகாரி, "பழைய ஸ்லைடெல்லாம் வேண்டாம், ஏஐ-யில் படம் போட்டு அழகாகச் செய்யுங்கள்" என்றார். இரண்டு இரவு கண்விழித்து நாற்பது ஸ்லைடு செய்தேன். எல்லாம் பளபளவென்று இருந்தன. கூட்டத்தில், நெல்லைத் தாக்கும் குருத்துப்பூச்சியின் படம் வந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "ஏம்மா, இது குருத்துப்பூச்சியா, எட்டுக்கால் பூச்சியா?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தால் நிஜமாகவே எட்டுக் கால். கூட்டமே சிரித்தது. அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. படங்களுக்குள் இருந்த தமிழ் எழுத்துகளும் பிழை. இதே ஸ்லைடுகளை இன்னும் ஆறு ஊர்களில் காட்ட வேண்டும். சுருக்கி மாவட்டக் கூட்டத்திலும் காட்ட வேண்டும். ஏஐ படங்களை மொத்தமாகத் தூக்கிவிடுவதா, இல்லை ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறதா?

– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

வணக்கம். முதலில் அந்தப் பெரியவருக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். அவர் வாய்விட்டுக் கேட்டார். பல கூட்டங்களில் அப்படிக் கேட்கக்கூட மாட்டார்கள். "இந்தப் பொண்ணுக்குப் பூச்சியே தெரியல" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. மற்றவர்களுக்கு ஸ்லைடு செய்துகொடுப்பதுதான் என் பிழைப்பு. ஏஐ படங்கள் புதிதாக வந்த சமயம், ஒரு பல் மருத்துவமனைக்குச் செய்த வேலையில் முதல் ஸ்லைடாக, வாய் நிறையச் சிரிக்கும் பெண் ஒருவரின் படத்தை வைத்தேன். கொண்டுபோய்க் காட்டியபோது நிறத்தைப் பற்றியும் எழுத்துருவைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினேன். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சார், இந்தம்மாவுக்கு நடுவில் மூன்று முன்பல் இருக்கிறதே, பரவாயில்லையா?" என்றார். அந்தப் படத்தை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். ஒரு தடவைகூடப் பல்லைப் பார்க்கவில்லை.

நாம் இரண்டு பேர் மட்டுமில்லை. 2024 பிப்ரவரியில் ஃபிரண்டியர்ஸ் பதிப்பகத்தின் உயிரணுவியல் ஆய்விதழ் ஒன்றில் ஓர் எலியின் படம் வந்தது. மிட்ஜர்னி என்ற படம் வரையும் ஏஐ கருவியில் உருவாக்கியது. எலியின் இனப்பெருக்க உறுப்பு அதன் உடம்புக்கே போட்டியாக வளர்ந்து நின்றது. சுற்றிலும் குறித்திருந்த பெயர்கள் எந்த அகராதியிலும் இல்லாதவை. கட்டுரையை மதிப்பிட்ட அறிஞர்களையும் தாண்டி அது வெளியாகிவிட்டது. இணையம் சிரித்த சிரிப்பில் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மொத்தமாகத் தூக்க வேண்டாம். நாற்பது ஸ்லைடையும் இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்விதான்: இதைப் பார்த்துவிட்டு ஒருவர் வயலுக்குப் போய், "இது அதுதானா?" என்று ஒப்பிட்டுப் பார்ப்பாரா? பார்ப்பார் என்றால் அது சாட்சிப் படம். பூச்சி, முட்டைக் குவியல், நோய் தாக்கிய இலை, மருந்து டப்பாவின் லேபிள் எல்லாம் இந்த வகை. "இப்போது நாற்றங்காலைப் பற்றிப் பேசப் போகிறோம்" என்று கூட்டத்தின் கண்ணைத் திருப்புவதற்கு மட்டும் ஒரு படம் என்றால், அது சாடைப் படம். சாடைப் படத்தை ஏஐ-யிடம் கேளுங்கள், தப்பே இல்லை. சாட்சிப் படத்தைக் கேட்கவே கேட்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ஏஐ பூச்சியைப் பார்த்து வரைவதில்லை. கோடிக்கணக்கான படங்களிலிருந்து, பூச்சி என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்ற ஒரு பழக்கத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. கைக்கடிகாரம் ஒன்றை வரையச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் எந்த மணி சொன்னாலும், முள் அடிக்கடி பத்து பத்தில் போய் நிற்கும். கடிகார விளம்பரங்களில் முள் அப்படித்தானே நிற்கிறது! உங்கள் பூச்சியும் அதே கதைதான். நான் வேளாண்மை படித்தவன் இல்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் குருத்துப்பூச்சியைப் பார்த்தேன். தாய் அந்துப்பூச்சிக்கு மஞ்சள் முன்னிறக்கை, இறக்கைக்கு ஒன்றாக ஒரு கரும்புள்ளி. உங்களுக்கு அந்தப் புள்ளிதான் அடையாளம். ஏஐ-க்கு அது அலங்காரம். நாலு புள்ளி வைத்தால் இன்னும் லட்சணம் என்று வைத்துவிடும். அப்புறம் ஒரு வேடிக்கை. நெல் வயலில் எட்டுக்கால் பூச்சி நமக்கு நண்பன், தீமை செய்யும் பூச்சிகளைத் தின்னும் என்று நீங்களே வேறொரு ஸ்லைடில் சொல்லியிருப்பீர்கள். நண்பனின் காலைக் கொண்டுபோய் எதிரிக்கு மாட்டிவிட்டது ஏஐ.

கால் கணக்கு தப்பினால் சிரிப்போடு போயிற்று. நோய்ப் படத்தில் தப்பினால் காசு போகும். நெல்லில் குலை நோய்ப் புள்ளி கண் வடிவத்தில், இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். பழுப்புப் புள்ளி நோயில் எள் மாதிரி முட்டை வடிவமாக, பழுப்பாக இருக்கும். முதலாவதற்கு, யூரியா தரும் தழைச்சத்து அதிகமானது ஒரு காரணம். இரண்டாவது சத்துக் குறைந்த மண்ணில் அதிகம் வரும். ஏஐ இரண்டையும் கலந்து, கூர்முனையும் எள் நிறமுமாக ஒன்றை வரைந்து தந்தது என்று வையுங்கள். (நான் கேட்டுப் பார்த்தேன், தந்தது.) அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர் யூரியாவைக் குறைக்க வேண்டிய வயலில் கூட்டுவார், கூட்ட வேண்டிய வயலில் குறைப்பார்.

எனவே சாட்சிப் படத்துக்கு உங்கள் போனே போதும். காலையில், வெயில் ஏறுவதற்கு முன், இலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வையுங்கள், அளவு புரியும். குருத்துப்பூச்சி தாக்கி நடுக்குருத்து காய்ந்த பயிர் என்றால் இரண்டு படம்: வயலில் நிற்பது ஒன்று, பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்ட குருத்து ஒன்று. இந்த இரண்டாவது படத்தை எந்த ஏஐ-யும் உங்களுக்குத் தராது. சொந்தப் படம் இல்லாதவற்றுக்குப் பல்கலைக்கழகத் தளத்தில் உள்ளதை, எங்கிருந்து எடுத்தது என்று கீழே குறிப்பிட்டுப் பயன்படுத்துங்கள்.

எடுத்த போட்டோவைத் திருத்துவதில் ஏஐ உதவுமா என்றால், உதவும். ஆனால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஜெமினியிலோ சாட்ஜிபிடியிலோ போட்டோவை ஏற்றி, "பின்னணியை மட்டும் வெள்ளையாக்கு" என்று சொல்கிறீர்கள். திரும்பி வருவது உங்கள் இலையைப் போலவே இருக்கும். பல சமயம் அது உங்கள் இலை இல்லை. முழுப் படத்தையும் மறுபடி வரைந்திருக்கும். புள்ளியின் ஓரம் கொஞ்சம் மழுங்கியிருக்கும், பழுப்பு சற்றுச் சிவந்திருக்கும். சந்தேகம் என்றால் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்த ஸ்லைடில் ஒரே இடத்தில் வைத்து, முன்னும் பின்னும் தட்டிப் பாருங்கள். மாறியிருந்தால் கண்ணெதிரே துள்ளும். மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தரும் ஏஐ கருவிகளும் இதே ஆபத்துதான். போட்டோவில் இல்லாத நரம்பையும் மயிரையும் அவை ஊகித்துச் சேர்க்கும். கல்யாணப் படத்துக்குச் சரி, முட்டைக் குவியலுக்குச் சரிவராது. மங்கலாக இருந்தால் மறுபடி போய் எடுங்கள்.

பின்னணியை நீக்க பவர்பாயிண்ட்டுக்குள்ளேயே வசதி இருக்கிறது. அது படத்தை மறுபடி வரையாது, வேண்டாததை மறைக்க மட்டும் செய்யும். நெட்டுக்குத்தாக எடுத்த படத்தை அகல ஸ்லைடுக்கு நீட்ட வேண்டுமானால் ஃபோட்டோஷாப்பிலும் கேன்வாவிலும் ஓரங்களை வளர்க்கும் வசதி உண்டு. வானத்தையும் வரப்பையும் அப்படி வளர்த்துக்கொள்ளுங்கள். பயிரை வளர்க்க வேண்டாம்.

சாட்சிக்கும் சாடைக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது: செய்முறைப் படம். நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளினால் குருத்துப்பூச்சியின் முட்டைகள் அதோடு போய்விடும் என்று சொல்லித் தருகிறீர்கள் அல்லவா? அதை வார்த்தையில் சொன்னால் ஏஐ கண்டபடி வரையும். நாற்றை வேரோடு பிய்த்துக்கொண்டிருக்கும் ஒரு கை எனக்குக் கிடைத்தது. ஒரு விரல் உபரி. மாறாக, உங்கள் அலுவலகத்தில் யாரையாவது கிள்ளிக் காட்டச் சொல்லி, கையை மட்டும் போட்டோ எடுத்து ஏற்றுங்கள். "இதைத் தடித்த கருப்புக் கோட்டோவியமாக மாற்று, நாற்றுக்கு மட்டும் பச்சை, கிள்ளும் இடத்துக்குச் சிவப்பு" என்று கேளுங்கள். கையின் நிலை போட்டோவிலிருந்து வருகிறது, கோடு மட்டும் ஏஐ-யினுடையது. எனக்குத் தெரிந்து இந்தக் கருவிகளால் ஸ்லைடு செய்பவர்களுக்குக் கிடைத்த ஆகப் பெரிய லாபம் இதுதான். முன்பெல்லாம் இதற்கு ஓர் ஓவியரைப் பிடித்து, நாள் சொல்லி, பணம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். போட்டோவில் கையோடு கிடக்கும் செருப்பு, பிளாஸ்டிக் வாளி, யாரோ ஒருவரின் கால் எல்லாம் ஓவியத்தில் காணாமல் போகும். வந்ததும் விரலை எண்ணுங்கள்.

இனி சாடைப் படம். நீங்கள் அனுப்பியிருந்த ஸ்லைடுகளில் ஒன்றில் விவசாயி பெரிய வண்ணத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, கோதுமை மாதிரி ஒரு பயிருக்கு நடுவில், அஸ்தமன வெளிச்சத்தில் கையைக் கூப்பி நிற்கிறார். "இந்திய விவசாயி, மகிழ்ச்சி, முன்னேற்றம்" என்று கேட்டிருப்பீர்கள், சரிதானே? கருத்தைக் கேட்டால் காலண்டர் படம்தான் வரும். கண்ணால் பார்ப்பதைச் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம். நான் இப்படிக் கேட்டேன்:

"காலை வெளிச்சம். சேற்று வயலில் ஆறு பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நட்ட நாற்று அவர்களுக்கு முன்னால், வெறும் சேறு அவர்களுக்குப் பின்னால். தூரத்தில் வரப்பும் தென்னையும். தட்டையான நிறங்கள், தடித்த கோடு, வானம் வெறும் வெள்ளை. இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். எழுத்து எதுவும் வேண்டாம். அகலவாக்கில், 16:9."

முன்னால், பின்னால் என்று மெனக்கெட்டுச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சொல்லாதபோது ஆறு பேரும் நட்ட பயிரை மிதித்துக்கொண்டே முன்னேறி வந்தார்கள். நடவு நட்ட ஒருவர் கூட்டத்தில் இருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். புடவைக்கு மேல் சட்டை என்ற ஒரே வரி, படத்தை எங்கோ இருக்கும் ஒரு வயலிலிருந்து உங்கள் ஊர் வயலுக்குக் கொண்டுவந்துவிடும்.

தட்டையான நிறமும் வெள்ளை வானமும் எதற்கென்றால், ஏஐ இயல்பாகத் தருவது இருட்டும் பொன்னிற வெளிச்சமும் கலந்த படம். லேப்டாப்பில் பார்த்தால் சினிமா மாதிரி இருக்கும். சமுதாயக் கூடத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு, நாலு ஜன்னலும் திறந்திருக்க, வயதான புரொஜெக்டரில் பாருங்கள்: சுவரில் ஒரு பழுப்புக் கறைதான் தெரியும். ஒன்று சரியாக வந்ததும் அதையே மாதிரியாக ஏற்றி, "இதே பாணியில், இதே நிறங்களில்" என்று அடுத்ததைக் கேளுங்கள். பாணியைச் சொல்லும் பகுதியை, ‘தட்டையான நிறங்கள்’ என்பதிலிருந்து கடைசிவரை, தனியே சேமித்துவைத்து ஒவ்வொரு முறையும் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பத்து ஸ்லைடும் பத்துப் பேர் வரைந்த மாதிரி இருக்கும்.

எழுத்து எதுவும் வேண்டாம் என்பதைக் கட்டாயம் சேருங்கள். தமிழில் ‘கொ’ எழுத எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். பவர்பாயிண்ட்டுக்கு அது எழுத்து. படம் உருவாக்கும் ஏஐ-க்கு அதுவும் ஒரு வடிவம், தென்னை ஓலை மாதிரி. நீங்கள் அனுப்பிய படத்தில் "குருததுபபூசசி" என்று இருக்கிறது. மூன்று புள்ளிகளைக் காணோம். இந்த மாதிரிப் பிழைதான் ரொம்பப் பொல்லாதது. எழுத்து முழுக்கக் கோணலாக இருந்தால் உடனே தெரியும். புள்ளி விட்டால் நம் மூளையே சேர்த்துப் படித்துக்கொண்டு போய்விடும். புதிய கருவிகள் முன்பைவிடத் தேவலை, சில நாள் சரியாகவே எழுதும். அடுத்த நாள் எழுதாது. காலியாக விடச் சொன்ன அந்த மூன்றில் ஒரு பங்கில், நீங்களே பவர்பாயிண்ட்டில் யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம், தூரத்திலிருந்தும் படிக்க முடியும். அலுவலகக் கோப்பில், யூனிகோட் அல்லாத வானவில் எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் வேறு கணினியில் ஏதேதோ குறிகளாகத் தெரியும், யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

மாவட்டக் கூட்டத்துக்கு இதே ஸ்லைடுகளைச் சுருக்குவது என்பது வேறு வேலை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாற்று நடும் பெண்களின் ஓவியம் தேவையில்லை. எத்தனை ஏக்கரில் தாக்குதல், எந்த வட்டாரத்தில், போன வருடத்தைவிடக் கூடவா குறைவா என்பதுதான் தேவை. இந்த எண்களைக் காட்டும் பட்டை வரைபடத்தை ஒருபோதும் பட ஏஐ-யிடம் கேட்காதீர்கள். பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் 40 ஏக்கர் பட்டை 60 ஏக்கர் பட்டையைவிட உயரமாக நிற்கும். எண்களைப் பவர்பாயிண்ட்டின் அட்டவணையில் போட்டால் அதுவே சரியாக வரைந்துவிடும். வட்டார, மாவட்ட நிலப்படமும் அப்படியே. உங்கள் துறையிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய வரைபடம் என்றால் கூடுதல் ஜாக்கிரதை. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்துக்கு ஒத்துவராத இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அரசு ஊழியர் நீங்கள், வம்பு எதற்கு?

உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். குறிப்பிட்ட ஓவியரின் பாணியிலோ நடிகரின் முகத்திலோ கேட்க வேண்டாம். விவசாயிகளின் முகம் தெரியும் போட்டோவை அவர்களைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம். பயனாளிகள் பட்டியலை ஏற்றவே வேண்டாம். உருவாக்கிய படத்தின் மூலையில் "ஏஐ வரைந்த படம்" என்று சின்னதாகப் போடுங்கள். வாயாலும் சொல்லுங்கள்: "இது சும்மா படம், அடுத்தது நம்ம ஊர் வயலில் எடுத்தது." அப்படிச் சொன்னதும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

நாற்பது ஸ்லைடு அதிகம். ஏஐ வந்த பிறகு எல்லோரும் செய்யும் தவறு இது. படம் சும்மா கிடைக்கிறதே என்று ஒவ்வொரு வரிக்கும் ஒன்று வைக்கிறோம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மேயர் படமும் சொல்லும் சேர்ந்து கற்பிக்கும் விதத்தைப் பல ஆண்டுகளாகச் சோதித்தவர். சுவாரசியமாக இருந்தாலும் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத படம், கற்பதைக் குறைக்கிறது என்கிறார். உங்களுக்குப் பதினைந்து போதும்: எட்டு போட்டோ, மூன்று கோட்டோவியம், இரண்டு சாடைப் படம், எழுத்து மட்டும் உள்ளவை இரண்டு. முதல் ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பெரியவர் வீட்டுக்கு ஒரு நடை போய், போனிலேயே பதினைந்தையும் காட்டிவிடுங்கள். அவர் எதையாவது பார்த்துப் புருவத்தைத் தூக்கினால் அந்த ஸ்லைடை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, மறக்கும் முன் சொல்லிவிடுகிறேன். ஏஐ படம் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று எம்பி இருக்கும். பவர்பாயிண்ட்டில் படங்களைச் சுருக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பிடிஎஃப் பிரதி ஒன்றையும் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு ஊரில் ஒரு ஊரிலாவது உங்கள் லேப்டாப்போடு புரொஜெக்டர் சேராது.